ஜூன் 30 வரைக்கும்

2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை. இரவு பத்தரை மணி இருக்கும். ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் ஆர்செனலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிரீமியர் லீக் கோப்பையை லிவர்பூல் இரண்டு வாரத்துக்கு முன்பே உறுதி செய்துவிட்டதால் அந்த ஆட்டத்தில் வெல்வதற்கோ தோற்பதற்கோ பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டாம் பாதியில் கானர் பிராட்லியை வெளியே அழைத்துவிட்டு 66ஆம் எண் சட்டைக்காரரை உள்ளே அனுப்பினார்கள். மைதானத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் எதிரணி ரசிகர்கள்தான் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். இல்லை, சொந்த வீட்டிலிருந்துதான் வந்தது. டிரெண்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு பந்தைத் தொடும்போதெல்லாம் அந்த ஊளை திரும்பத் திரும்ப வந்தது.

வேளச்சேரியில், எங்கள் வீட்டு ஹாலில், நானும் ஊளையிட்டேன். வாயைக் குவித்து, சத்தமாக.

பக்கத்தில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஃபுட்பால் தெரியாது. நான் பார்ப்பதால் அவரும் பார்ப்பார்.

"ஏல, நம்ம டீம்தான அது? நம்மாளையே ஏம்ல ஏசுதானுவ?"

"அவன் போறான்பா. அடுத்த மாசம் ரியல் மாட்ரிட்."

"வித்துட்டாங்களா?"

"வித்தா காசாவது வந்திருக்கும். கான்ட்ராக்ட முடியவிட்டு ஃப்ரீயா போறான். ஆறு வயசுலேர்ந்து வளத்த கிளப்ப்பா."

அப்பா கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தார். "கான்ட்ராக்ட்டு என்னைக்கு முடியுது?"

"ஜூன் 30."

"அதுவரைக்கும் ஆடுவாம்லா?"

"ஆடுவான்."

"அப்பறம் என்னல" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இதெல்லாம் இவருக்கு எங்கே புரியும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு என்று தெரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

*

கோபம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் லிவர்பூல் ரசிகன் ஆனது ஒரு கெட்ட நாளில். 2014 ஏப்ரல் 27, செல்சிக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்டீவன் ஜெரார்டு வழுக்கி விழுந்த அன்று. அந்த ஒரு வழுக்கலில் 24 வருடமாகக் காத்திருந்த லீக் பட்டம் கை நழுவத் தொடங்கியது. ஜெயிக்கிற டீமைப் பிடித்துக்கொள்கிற வயதில், தோற்று நின்ற அந்த மனிதரைப் பார்த்து அந்த டீமைப் பிடித்துக்கொண்டேன். ஜெரார்டு அந்த ஊர்க்காரர். அந்த ஊர்ப் பையன் அந்த ஊர் டீமுக்குக் கேப்டன். ஏதோ ஒரு வகையில் அது சரியாகப் பட்டது.

டிரெண்ட் அந்த வரிசையில் அடுத்தவர். லிவர்பூலின் வெஸ்ட் டெர்பி பகுதியில் வளர்ந்தவர். கிளப்பின் பயிற்சி மைதானமான மெல்வுட் அங்கேதான் இருந்தது. சின்ன வயதில் சகோதரர்களோடு சுவர் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப்பார்த்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். ஆறு வயதில் அகாடமியில் சேர்ந்தார். 2016 அக்டோபரில், 18 வயதில், முதல் ஆட்டம். 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் லீக் பட்டம். ஆன்ஃபீல்டு பக்கத்தில் ஒரு வீட்டுச் சுவர் முழுக்க அவர் படத்தை வரைந்தார்கள். தான் கனவு பலித்த சாதாரண லிவர்பூல் பையன் என்று அவர் சொன்ன வார்த்தைகளும் அந்தச் சுவரில் ஏறின.

2019 மே 7 பார்சலோனா ஆட்டத்தை எப்படி மறப்பது? முதல் சுற்றில் 3-0 என்று தோற்று வந்திருந்தார்கள். அப்போது நான் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தேன். இங்கே நேரம் ராத்திரி இரண்டு மணியைத் தாண்டிவிட்டது. ரூம்மேட் தூங்குகிறான், ஹெட்செட் போட்டு ஃபோனில் பார்க்கிறேன். 79ஆவது நிமிடம் ஒரு கார்னர். டிரெண்ட் பந்தை வைத்துவிட்டு நகர்ந்து போகிறார், சட்டென்று திரும்பி வந்து அடிக்கிறார். பார்சலோனாக்காரர்கள் யாரும் பார்க்கவே இல்லை. ஒரிகி மட்டும் பார்த்தார். 4-0. இருபது வயசுப் பையனுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? சத்தம் போட முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

ஆறு வருடம் கழித்து, 2025 ஏப்ரல் 20, லெஸ்டர் மைதானம். காயத்திலிருந்து திரும்பியவர் சப்ஸ்டிடியூட்டாக வந்து ஒரே கோலை அடித்தார். சட்டையைக் கழற்றிக் கார்னர் கொடியில் மாட்டிவிட்டு ரசிகர்களை நோக்கி ஓடினார். இருந்துவிடுவான்டா என்று வாட்ஸப் குரூப்பில் எழுதினேன். பதினைந்தாவது நாள், மே 5, போகிறேன் என்று வீடியோ வந்தது.

முடிவை அதற்கு வெகு முன்பே எடுத்திருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அந்த சட்டையைக் கழற்றியபோது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதுதான் வலித்தது.

*

ஒப்பந்தத்தைக் கரையவிட்டுப் போவது என்றால் என்ன என்று, பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டக்காரர் ஒரு கிளப்போடு இத்தனை வருடம் என்று கையெழுத்துப் போடுகிறார். டிரெண்ட் கடைசியாகப் போட்டது 2021 ஜூலையில், நான்கு வருடத்துக்கு. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை வேறு கிளப்புக்கு அவர் வேண்டுமென்றால் இந்த கிளப்புக்குப் பணம் கொடுக்க வேண்டும். முடிந்துவிட்டால் ஒரு பைசா தர வேண்டியதில்லை. கடைசி ஆறு மாதத்தில், அதாவது ஜனவரி 1 முதல், வெளிநாட்டு கிளப்போடு அவர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் பணம் காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. ஓர் ஆட்டக்காரரை வாங்க நூறு ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் இருக்கும்போது அந்த நூறும் பழைய கிளப்புக்குப் போகும். முடிந்த பிறகு அந்த நூறில் ஒரு பெரும்பகுதி கையெழுத்துப் பணமாகவும் கூடுதல் சம்பளமாகவும் ஆட்டக்காரருக்கும், கமிஷனாக ஏஜென்ட்டுக்கும் போகும். ரசிகர்கள் "கிளப்பை ஏமாற்றிவிட்டான்" என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் இந்த உரிமை சும்மா வந்ததில்லை. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஒரு விதி இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் ஆட்டக்காரர் போக முடியும். விடாமலும் இருக்கலாம், சம்பளம் கொடுக்காமலும் இருக்கலாம். 1960இல் நியூகாசிலின் ஜார்ஜ் ஈஸ்தம் ஆட மறுத்து, வயிற்றுப்பாட்டுக்கு தக்கை விற்றார். கிளப் கடைசியில் அவரை ஆர்செனலுக்கு விட்டது. அதன் பிறகும் அவர் வழக்கை விடவில்லை. 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், தொழில் செய்யும் உரிமையை இந்த முறை நியாயமில்லாமல் தடுக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்புவரை, எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றும் விதி இருந்தது.

பிறகு பெல்ஜியத்தில் ஜான்-மார்க் போஸ்மான். 1990இல் லியேஜ் கிளப்போடு அவர் ஒப்பந்தம் முடிந்தது. புது ஒப்பந்தத்தில் பழைய சம்பளத்தில் கால் பங்குதான் தருவோம் என்றார்கள். பிரான்சின் டன்கெர்க் கிளப் அவரை எடுக்கத் தயாராக இருந்தும் அந்த மாற்றம் நடக்கவில்லை. காலாவதியான ஒப்பந்தம் அவரைக் கட்டிப்போட்டது. அவர் வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று லக்சம்பர்கில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டு கிளப்புக்குப் போக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்றது. இன்று கோடிகளை அள்ளும் ஃப்ரீ டிரான்ஸ்ஃபர் எல்லாம் அந்த ஒரு தீர்ப்பிலிருந்து வந்தவை. போஸ்மானுக்கு அந்தக் கோடிகள் வரவில்லை. வழக்கு முடிவதற்குள் ஆடும் வயது போய்விட்டது. குடியோடும் வறுமையோடும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்.

இதெல்லாம் மே 11 அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஊளையிட்டேன்.

*

விசுவாசம் என்ற வார்த்தையை நாங்கள் ரசிகர்கள் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பட்டியல் போட்டால் வெட்கமாக இருக்கும்.

2001இல் சால் கேம்பல் டாட்டன்ஹாமில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு நேராக எதிரி வீடான ஆர்செனலுக்குப் போனார். திரும்பி வந்த அன்று யூதாஸ் என்று எழுதிய பலூன்களைப் பறக்கவிட்டார்கள். அதே வழியில் 2021இல் லிவர்பூலின் வைனால்டம் பாரிஸுக்குப் போனார். அவருக்குக் கடைசி நாளில் சக ஆட்டக்காரர்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் போனார்கள். ஒருவர் வெளியூர்க்காரர், ஒருவர் நம் கையில் வளர்ந்தவர். வெளியூர்க்காரனை மன்னித்துவிடுகிறோம். வீட்டுப் பிள்ளைக்குத்தான் சாபம்.

முகமது சாலாவும் வான் டைக்கும் டிரெண்டைப் போலவே 2025 ஏப்ரல்வரை ஒப்பந்தத்தைக் கரையவிட்டார்கள். உள்ளே இருப்பதைவிட வெளியேதான் அதிகம் இருக்கிறேன் என்கிற மாதிரி சாலா வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு நாங்கள் திட்டியது கிளப்பை, சாலாவை அல்ல. "மனுஷனுக்குக் குடுக்கவேண்டியதக் குடுங்கடா" என்று நானே எழுதியிருக்கிறேன். இருவரும் கையெழுத்துப் போட்டதும் விசுவாசிகள் ஆகிவிட்டார்கள்.

மே மாதம் டிரெண்டைத் துரோகி என்றவர்கள் அந்த ஆகஸ்டில் என்ன செய்தோம்? நியூகாசிலின் அலெக்சாண்டர் இசாக்குக்கு இன்னும் மூன்று வருட ஒப்பந்தம் பாக்கி இருந்தது. லிவர்பூலுக்கு வருவதற்காக அவர் அங்கே ஆட மறுத்து உட்கார்ந்தார். நாங்கள் தினமும் காலையில் எழுந்ததும் வந்துவிட்டாரா என்று பார்த்தோம். செப்டம்பர் 1ஆம் தேதி 12.5 கோடி பவுண்டுக்கு வந்தார். கொண்டாடினோம். தன் ஒப்பந்தத்தைக் கடைசிவரை நிறைவேற்றியவன் துரோகி, பாதியில் ஆட மறுத்தவன் நம்ம ஆள். நியூகாசில் ரசிகன் ஒருவன் அன்று ராத்திரி எப்படித் தூங்கியிருப்பான் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

கிளப்புகளும் யோக்கியம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வாங்கிய ஆட்டக்காரரின் விலையை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். நூறு ரூபாய்க்கு ஐந்து வருடத்துக்கு வாங்கியவரை மூன்று வருடம் கழித்து விற்றால், மிச்சம் நாற்பதைக் கழித்த பிறகுதான் லாபம். அகாடமியில் வளர்ந்த பிள்ளைக்கு வாங்கிய விலையே கிடையாது. விற்றால் அத்தனையும் லாபம். நஷ்டக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக்கும்போது கிளப்புகள் முதலில் திரும்பிப் பார்ப்பது வீட்டுப் பிள்ளைகளைத்தான். மேசன் மவுன்ட்டும் கானர் கல்லாகரும் சின்ன வயதிலிருந்து செல்சியில் வளர்ந்தவர்கள். இரண்டு பேரையும் விற்றார்கள். அதை யாரும் துரோகம் என்பதில்லை, வியாபாரம் என்பார்கள். ஒவ்வொரு வருடமும் பதினாறு, பதினெட்டு வயதில் "நீ போதாதுப்பா" என்று அனுப்பிவைக்கப்படும் அகாடமிப் பையன்களுக்குச் சுவர் ஓவியம் கிடையாது. மெஸ்ஸி 2021இல் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு இருக்கிறேன் என்று சொல்லியும் பார்சலோனாவின் கணக்கு இடம் கொடுக்கவில்லை. அழுதுகொண்டுதான் வெளியே வந்தார்.

சரி, என் யோக்கியதை? ஆறு வருடத்தில் மூன்று கம்பெனி. காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போய் இன்டர்வியூ கொடுத்திருக்கிறேன். ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்த பிறகும் டீம் லஞ்சில் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வருடத் திட்டம் பேசியிருக்கிறேன். லெஸ்டரில் டிரெண்ட் சட்டையைக் கழற்றியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

*

நம்மிடம் இதற்கு ஒரு பழைய வார்த்தை இருக்கிறது. செஞ்சோற்றுக் கடன். சோறு போட்டவனுக்காக உயிரைக் கொடுப்பது. கர்ணனுக்கு உண்மை தெரிந்த பிறகும் துரியோதனனை விட்டுப் போகவில்லை. கும்பகர்ணனுக்கு அண்ணன் செய்தது தப்பு என்று தெரியும், போனால் சாவு என்றும் தெரியும், போனான். வீடணன் நியாயத்தின் பக்கம் போனான், ராமன் பக்கம் போனான், ஆனாலும் நம் ஊரில் காட்டிக்கொடுத்தவனைத் திட்டத்தான் அவன் பெயர் பயன்படுகிறது. போகாதவனைக் கும்பிடுகிற ஊர் இது.

எங்கள் அப்பா அந்த ரகம். தூத்துக்குடியில் உப்பு வாங்கி வெளியூருக்கு ஏற்றி அனுப்பும் ஒரு முதலாளியிடம் கணக்குப்பிள்ளை. 26 வருடம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து காலை ஒன்பது மணிக்கு சைக்கிள், ராத்திரி எட்டு மணிக்கு வீடு. பேரேட்டில் அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது இன்னொரு கம்பெனியில் இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் கெஞ்சிப் பார்த்தாள். அப்பா போகவில்லை. ஆச்சிக்கு ஆபரேஷன் நடந்தபோது முதலாளி வட்டியில்லாமல் பணம் கொடுத்திருந்தார். அதை அடைத்து வருடங்கள் ஆகியிருந்தன. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு இருக்குல்லா. நாம உப்பு விக்கிற எடத்துலயே வேல பாக்கோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

2021இல் முதலாளி இறந்துபோனார். மகன் வந்தார். கம்ப்யூட்டரில் கணக்கு, ஒரு பையன் போதும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நீங்க எவ்ளவோ உழைச்சிட்டீய. இனும ரெஸ்ட் எடுங்க" என்றார். இரண்டு மாதச் சம்பளம், ஒரு வேட்டி சட்டை, ஒரு மஸ்கோத் அல்வா டப்பா. திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வக்கீலைப் பார்ப்போம், கிராஜுவிட்டி கேட்போம் என்று குதித்தேன். அப்பா சொன்னது ஒன்றுதான்: "எதக் காட்டிக் கேப்ப? நம்மகிட்ட பேப்பர் ஒண்ணும் இல்லல்லா."

26 வருடத்தில் அவர் ஒரு காகிதத்தில்கூடக் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. எல்லாம் வாய்வார்த்தை, முகதாட்சண்யம். அம்மா போன பிறகு அவரைச் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டேன். ஆரம்பத்தில் கொஞ்ச நாள் காலை ஒன்பது மணிக்குச் சட்டை போட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்.

*

மே மாத ஆட்டத்துக்குப் பிறகு எதுவும் நின்றுவிடவில்லை. தன் நண்பனுக்கு இப்படி நடப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று ராபர்ட்சன் சொன்னார். ஊளையிட்டது யோர்கன் கிளாப்புக்கும் பிடிக்கவில்லை. இரண்டு வாரத்தில், மே 25, கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் அதே ஆன்ஃபீல்டு அவருக்குக் கைதட்டியது. அவரும் கோப்பையைத் தூக்கினார். 354 ஆட்டம். கிளப் உலகக் கோப்பையில் ஆடவைக்க வேண்டும் என்று மாட்ரிட் ஒரு மாதம் முன்னாலேயே, கிட்டத்தட்ட ஒரு கோடி யூரோ கொடுத்து அழைத்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. அந்த ஜூன் 30கூட முழுதாகக் கரையவில்லை.

எனக்குக் கோபம் மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் இப்படித் தோன்றியது: நான் முதலாளி மகனாகிவிட்டேன். வளர்த்தோம், சோறு போட்டோம், எங்களுக்கு லாபம் தராமல் எப்படிப் போகலாம் என்று கேட்கிறேன். அப்பாவை அனுப்பியவரிடம் எனக்கு எது பிடிக்கவில்லையோ அதையே வேளச்சேரியில் உட்கார்ந்து செய்கிறேன். இப்படி நினைத்ததும் கொஞ்ச நாள் எனக்கு நானே நல்லவனாகத் தெரிந்தேன். பிழையை ஒப்புக்கொண்டாயிற்று, முடிந்தது.

ஆனால் அதுவும் சரியில்லை. கிளப் வித்த காசில் எனக்கு என்ன பங்கு? டிரெண்டை நூறு ரூபாய்க்கு விற்றிருந்தால் அதில் எனக்கு ஒரு காசு வருமா? என் ஜெர்சியே டி. நகரில் வாங்கிய டூப்ளிகேட். நான் முதலாளி இல்லை.

இந்த ஏற்பாட்டில் கிளப்பிடம் காகிதம் இருக்கிறது. ஆட்டக்காரரிடமும் ஏஜென்ட்டிடமும் இருக்கிறது. ஸ்பான்சரிடமும் டிவிக்காரனிடமும்கூட இருக்கிறது. எல்லோருக்கும் ஒரு முடிவு தேதி உண்டு. காகிதம் இல்லாத ஒரே ஆள் ரசிகன். எனக்கு ஜூன் 30 கிடையாது. 2014இல் பிடித்தது, விட முடியவில்லை. இந்த டீமை விட்டுவிட்டு நாளைக்கு மாட்ரிட் ரசிகனாகு என்று யாராவது இரண்டு மடங்கு கொடுத்தாலும் முடியாது. அந்த இடத்தில் நான் முதலாளி மகன் இல்லை. அப்பா.

தேதி இருப்பவன் போகிற நாளில் தேதி இல்லாதவன் போடுகிற சத்தம்தான் அந்த ஊளை என்று இப்போது நினைக்கிறேன். "நான் இருக்கிறேனே, நீ ஏன் இல்லை?" லிவர்பூலில், அப்பாவும் தாத்தாவும் உட்கார்ந்த அதே வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது என்னைவிடப் பத்து மடங்கு இருக்கும். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர் டிரெண்ட் இல்லை. அவர் போட்ட கையெழுத்தில் இருந்தது ஒரு தேதி. அதுவரை ஆடினார், ஜெயித்துக் கொடுத்தார். அதற்கு மேல் இருந்திருந்தால் அது அவர் கொடுத்திருக்கக்கூடிய பரிசு. பரிசைக் கொடுக்கவில்லை என்று வருத்தப்படலாம். கடன்காரன் என்று சொல்ல முடியாது.

அப்பாவிடம் ஒரு காகிதம் இருந்திருந்தால், அதில் ஒரு தேதி இருந்திருந்தால், நான் ஏழாம் வகுப்பு படித்த அந்த வருடம் அவர் யார் முகத்தையும் நேராகப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். ஆபரேஷன் பணமும் 26 வருடமும் ஒரே கணக்காகக் கலந்துபோயிருக்காது. ஒப்பந்தம் என்பது பாசம் இல்லாதவர்களின் ஏற்பாடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கே கடன் முடிகிறது, எங்கே பாசம் தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டுவதும் அதுதான்.

*

நவம்பர் 4. சாம்பியன்ஸ் லீகில் ரியல் மாட்ரிட் ஆன்ஃபீல்டுக்கு வந்தது. நமக்கு அது புதன்கிழமை அதிகாலை ஒன்றரை மணி. ஆட்டத்துக்கு முன்பு அந்தச் சுவர் ஓவியத்தின் மேல் யாரோ வெள்ளைப் பெயிண்டை ஊற்றிவிட்டார்கள் என்று படம் வந்தது. இன்னொரு படமும் வந்தது. ஜூலையில் விபத்தில் இறந்துபோன தியோகோ ஜோட்டாவுக்காக மைதானத்துக்கு வெளியே இருக்கும் நினைவிடத்தில் டிரெண்ட் பூ வைத்துவிட்டு நின்றார். தன்னை ஏசுவார்கள் என்று தெரிந்த ஊருக்குள், பழைய கூட்டாளிக்காக.

மக் அலிஸ்டர் கோலில் லிவர்பூல் 1-0 என்று முன்னால் இருந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் டிரெண்டை உள்ளே அனுப்பினார்கள். மே மாதத்தைவிடப் பெரிய ஊளை. சத்தத்தைக் குறைக்க ரிமோட்டைத் தேடினேன். அதற்குள் தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா வந்து நின்றார்.

"தூங்கலியாப்பா?"

"என்னல சத்தம். அந்தப் பையந்தான அது? போனாம்லா?"

"ஆமாப்பா. அங்கேர்ந்து இங்க ஆட வந்திருக்கான்."

"இன்னுமா ஏசுதானுவ?"

"ம்."

அப்பா சேரில் உட்கார்ந்தார். டிரெண்ட் பந்தை வாங்கும்போதெல்லாம் சத்தம் ஏறியது. கணக்கு சரிபார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"கணக்க முடிச்சிக் குடுத்துட்டுத்தானல போனான்?"

"முடிச்சிட்டுத்தான் போனான்."

"பெறகு ஏம்ல. போறவன் போட்டும். நாம இருந்தோம்னா அது நம்ம இஷ்டம்லா."

அந்த 'நாம' ஆன்ஃபீல்டுக் கூட்டமா, அவரும் நானுமா, அவரும் அந்த உப்பு ஆபீஸுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சை மாற்றியிருப்பார்.

ஆட்டம் முடிந்தது. ஜெயித்தோம். டிரெண்ட் பழைய கூட்டாளிகள் சிலரிடம் கைகொடுத்துவிட்டுப் போனார். நான் ஊளையும் இடவில்லை, கைதட்டவும் இல்லை. கைதட்டும் அளவுக்கு மனது இன்னும் வரவில்லை, அதை மறைப்பானேன். டிவியை அணைத்தபோது மூன்றரை மணி.

அப்பா படுக்கப் போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "அடுத்த மேட்ச் என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழம."

"ராத்திரி ரொம்ப நேரமாவுமா?"

"பத்து மணிக்குத்தான்பா."

"சரி, எழுப்பு" என்றார். பத்து மணிக்கெல்லாம் அவர் தூங்கியிருக்க மாட்டார். இருந்தாலும் சரி என்றேன்.